ஆயிரம் பவுண்டு முன்பணம்: ஃபைப்ரோசா வழக்கு தீர்த்ததும் தீர்க்காமல் விட்டதும்

முன்பணம் வாங்கியாயிற்று, வேலையும் தொடங்கியாயிற்று. ஆனால் பொருள் கொடுக்க முடியாமல் போய்விட்டது. தவறு வாங்கியவர் மீதும் இல்லை, விற்றவர் மீதும் இல்லை. அப்படியானால் அந்தப் பணம் யாருக்குச் சேர வேண்டும்? இங்கிலாந்தின் உச்ச மேல்முறையீட்டு மன்றமாக அப்போது இருந்த பிரபுக்கள் சபை 1942 ஜூன் 15 அன்று இந்தக் கேள்விக்குப் பதில் சொன்னது. ஃபைப்ரோசா எதிர் ஃபேர்பெர்ன் லாசன் கோம்ப் பார்பர் என்பது வழக்கின் பெயர். ஒப்பந்தச் சட்டம் படிக்கும் மாணவர்கள் எல்லோரும் ஒரு முறையாவது கடந்து வரும் வழக்கு. ஆனால் பெரும்பாலும் ‘முன்பணத்தைத் திருப்பித் தர வேண்டும்’ என்ற ஒற்றை வரியாகத்தான் மனதில் நிற்கிறது. அந்த வரிக்குப் பின்னால் ஒரு பழைய அநியாயம் இருக்கிறது. அதைச் சரிசெய்யப் போய் உண்டான புதிய சிக்கல் ஒன்றும் இருக்கிறது. எனக்கு இந்த வழக்கில் முக்கியமாகப் படுவது அந்த இரண்டாவது விஷயம்தான்.

நடந்தது என்ன

ஃபைப்ரோசா ஒரு போலந்து நிறுவனம். வில்னோ நகரத்தில் தொழில் நடத்தி வந்தது. இன்று லிதுவேனியாவின் தலைநகராக வில்னியஸ் என்று அழைக்கப்படும் ஊர் அப்போது போலந்தில் இருந்தது. லினன் துணிக்கு ஆதாரமான ஆளிச்செடி நாரைச் சீவிப் பிரிக்கும் இயந்திரங்கள் அந்த நிறுவனத்துக்குத் தேவைப்பட்டன. இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்தில் நெசவுத் தொழிலுக்கான இயந்திரங்களைச் செய்து வந்த ஃபேர்பெர்ன் நிறுவனத்துடன் 1939 ஜூலை 12 அன்று ஒப்பந்தம் ஆனது. மொத்த விலை 4,800 பவுண்டு. கப்பல் கூலியும் காப்பீடும் அதற்குள் அடக்கம். போலந்தின் கிடினியா துறைமுகத்தில் சரக்கு போய்ச் சேர வேண்டும். இயந்திரங்களை நிறுவித் தரும் தொழில்நுட்ப ஆளின் செலவும் அந்த விலைக்குள்தான்.

ஆர்டர் கொடுக்கும்போது விலையில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 1,600 பவுண்டு, கொடுக்க வேண்டும். மீதி, கப்பல் ஆவணங்கள் கைக்கு வரும்போது. ஃபைப்ரோசா கொடுத்தது 1,000 பவுண்டு. 600 பவுண்டு பாக்கி நின்றது. இந்த 600 பவுண்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் இதற்கு வேலை இருக்கிறது.

செப்டம்பர் 1 அன்று ஜெர்மனி போலந்துக்குள் புகுந்தது. 3ஆம் தேதி பிரிட்டன் ஜெர்மனி மீது போர் அறிவித்தது. 7ஆம் தேதியே ஃபைப்ரோசாவின் லண்டன் முகவர்கள் லீட்ஸுக்குக் கடிதம் எழுதிவிட்டார்கள்: போர் மூண்டுவிட்டதால் இயந்திரங்கள் போலந்து வந்து சேர வழியில்லை, முன்பணத்தைத் திருப்பித் தாருங்கள். மறுநாளே பதில் வந்தது. இயந்திரங்களில் கணிசமான வேலை ஏற்கெனவே நடந்துவிட்டது, பணத்தைத் தர முடியாது. அந்த மாதம் முடிவதற்குள் கிடினியா ஜெர்மன் படைகளிடம் போயிற்று. எதிரியின் கையில் இருக்கும் துறைமுகத்துக்கு பிரிட்டிஷ் நிறுவனம் சரக்கு அனுப்பினால் அது குற்றம். ஆக, ஒப்பந்தத்தை நிறைவேற்றுவது நடைமுறையிலும் முடியாது, சட்டப்படியும் கூடாது என்று ஆகிவிட்டது.

1940ல் வழக்கு தொடுக்கப்பட்டது. விசாரணை நீதிமன்றத்தில் ஃபைப்ரோசா தோற்றது. மேல்முறையீட்டு நீதிமன்றத்திலும் தோற்றது. அந்த நீதிபதிகளைக் குறை சொல்ல முடியாது. அவர்களைக் கட்டிப்போட்டிருந்தது 1904ல் வெளியான ஒரு தீர்ப்பு.

நடக்காத ஊர்வலமும் ஜன்னலோர அறையும்

மன்னர் ஏழாம் எட்வர்டின் முடிசூட்டு விழா 1902 ஜூன் 26 அன்று நடக்க வேண்டியது. ஊர்வலம் போகும் வழியில் ஜன்னல் இருந்த வீட்டுக்காரர்களுக்கெல்லாம் நல்ல வருமானம் காத்திருந்தது. இரண்டு நாள் முன்பு மன்னருக்குக் குடல்வால் பகுதியில் அறுவை சிகிச்சை செய்ய வேண்டி வந்தது. விழா ஆகஸ்டுக்குத் தள்ளிப்போனது. வாடகை பேசிய அறைகள் எல்லாம் வழக்காக மாறி நீதிமன்றத்துக்கு வந்தன.

அவற்றில் ஒன்று சாண்ட்லர் எதிர் வெப்ஸ்டர். பால் மால் தெருவில் ஊர்வலம் பார்க்க ஓர் அறை, வாடகை 141 பவுண்டு 15 ஷில்லிங். முழுத் தொகையையும் முன்கூட்டியே கட்ட வேண்டும் என்பது பேச்சு. சாண்ட்லர் 100 பவுண்டு கொடுத்திருந்தார். ஊர்வலம் நடக்கவில்லை என்றதும் கொடுத்த 100 பவுண்டைக் கேட்டார். நீதிமன்றம் என்ன சொன்னது தெரியுமா? 100 பவுண்டு திரும்பக் கிடைக்காது, பாக்கி 41 பவுண்டு 15 ஷில்லிங்கையும் அவர் கொடுக்க வேண்டும். பார்க்காத ஊர்வலத்துக்கு முழு வாடகை!

அந்த நீதிபதிகளின் கணக்கு இது. நிறைவேற்ற முடியாமல் போகும் ஒப்பந்தம் முதலிலிருந்தே செல்லாததாக ஆவதில்லை. சம்பவம் நடக்கும் வினாடி வரை அது உயிரோடு இருக்கிறது. அதற்குப் பிறகுதான் இருவரும் விடுபடுகிறார்கள். எனவே அதற்கு முன்பு கொடுத்த பணம் கொடுத்ததுதான், கொடுக்க வேண்டியிருந்த பணமும் கொடுக்க வேண்டியதுதான். நட்டம் விழுந்த இடத்திலேயே கிடக்கட்டும். அதே முடிசூட்டு விழாவையொட்டிய க்ரெல் எதிர் ஹென்றி வழக்கில் வாடகைக்கு எடுத்தவர் மீதி 50 பவுண்டைக் கட்ட வேண்டியதில்லை என்று தீர்ப்பானது. ஒரே ஊர்வலம், ஒரே தெரு. பணம் கட்ட வேண்டிய கட்டம் எப்போது வந்தது என்பதைப் பொறுத்து ஒருவருக்கு விடுதலை, இன்னொருவருக்கு முழுத் தண்டம். நியாயத்தோடு இதற்கு எந்தச் சம்பந்தமும் இல்லை. ஆனாலும் சாண்ட்லர் தீர்ப்பு 38 ஆண்டுகள் சட்டமாக இருந்தது. 1939ல் இங்கிலாந்தின் சட்டச் சீர்திருத்தக் குழு இதை மாற்றச் சொல்லி அறிக்கை கொடுத்தும் நாடாளுமன்றம் அப்போது அதைக் கையிலெடுக்கவில்லை.

இதில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 1923ல் கான்டியாரே சான் ரோக்கோ என்ற ஆஸ்திரியக் கப்பல் நிறுவனத்தின் வழக்கும் இதே பிரபுக்கள் சபைக்கு வந்தது. கப்பல் இயந்திரங்களுக்காக ஸ்காட்லாந்து நிறுவனத்துக்கு முதல் தவணை கொடுத்திருந்தார்கள், 1914ல் போர் வந்து எல்லாம் நின்றுபோனது. அந்த வழக்கில் பணம் திரும்பக் கிடைத்தது. காரணம், அது ஸ்காட்லாந்துச் சட்டப்படி தீர்க்கப்பட்டது. எந்தக் காரியத்துக்காகப் பணம் கொடுக்கப்பட்டதோ அந்தக் காரியம் நடக்கவில்லை என்றால் பணத்தைத் திருப்பு என்ற ரோமானியச் சட்டக் கொள்கை அங்கே உயிரோடு இருந்தது. ஒரே மன்றம், ஒரே மாதிரியான சங்கதி. எல்லைக்கு வடக்கே ஒரு நீதி, தெற்கே வேறொரு நீதி.

பிரபுக்கள் சபையில்

ஃபைப்ரோசாவின் முதல் வாதம் வேறு. ஒப்பந்தத்தின் ஏழாவது நிபந்தனையில் போர் என்ற சொல்லே இருக்கிறது: வேலைநிறுத்தம், போர், தீ போன்ற கட்டுப்பாட்டுக்கு மீறிய காரணங்களால் அனுப்புவது தாமதமானால் நியாயமான அளவு கால நீட்டிப்பு தரப்படும். போருக்கு ஏற்கெனவே ஏற்பாடு செய்துகொண்ட பிறகு ஒப்பந்தம் எப்படிச் செத்துப்போகும் என்று கேட்டார்கள். சபை அதை ஏற்கவில்லை. அந்த நிபந்தனை தாமதத்தைப் பற்றியது. எத்தனை ஆண்டு நீளும் என்று யாருக்கும் தெரியாத போரையும் எதிரி வசம் போன துறைமுகத்தையும் ‘நியாயமான நீட்டிப்பு’ என்ற சொல்லுக்குள் அடக்க முடியாது. ஒப்பந்தம் முடிந்துவிட்டது. சரி, பணம்?

இங்குதான் ஏழு நீதிபதிகளும் ஒருமனதாகச் சாண்ட்லர் தீர்ப்பைத் தூக்கி எறிந்தார்கள். தலைமை வகித்த சைமன் பிரபு கண்டுபிடித்துக் காட்டிய பிழை எளிமையானது. ஒப்பந்தம் உருவாவதற்கு மறுபயன், அதாவது ஒரு தரப்பு தருவதற்கு ஈடாக மறுதரப்பு தருவது, வேண்டும். அதற்கு ஒரு வாக்குறுதியே போதும்: ‘நான் இயந்திரம் தருகிறேன்’ என்று லீட்ஸ் சொன்னதும் அது கிடைத்துவிட்டது. ஆனால் பணத்தைத் திரும்பக் கேட்கும்போது கேள்வியே வேறு. பணம் கொடுத்தவர் வாக்குறுதியை வாங்குவதற்காகப் பணம் கொடுக்கவில்லை, வாக்குறுதி நிறைவேறும் என்பதற்காகக் கொடுத்தார். அது துளிகூட நிறைவேறவில்லை என்றால் பணத்தை வைத்துக்கொள்ள மறுதரப்புக்கு ஆதாரம் இல்லை. இதற்கு ஒப்பந்தம் முதலிலிருந்தே செல்லாமல் போக வேண்டிய அவசியமும் இல்லை. சாண்ட்லர் தீர்ப்பு இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொண்டது.

ரைட் பிரபு இன்னும் ஒரு படி மேலே போனார். ஒருவர் பணத்தை இன்னொருவர் நியாயமின்றி வைத்துக்கொள்வதைத் தடுக்க நாகரிகமுள்ள எந்தச் சட்ட முறைக்கும் வழி இருந்தாக வேண்டும், அந்தக் கடமை ஒப்பந்தத்திலிருந்தும் பிறப்பதில்லை, தீங்கியலிலிருந்தும் (பிறருக்கு இழைத்த தீங்குக்குப் பொறுப்பாக்கும் சட்டம்) பிறப்பதில்லை, சட்டமே விதிக்கும் மூன்றாவது வகை அது என்றார். 1760ல் மான்ஸ்ஃபீல்ட் பிரபு என்ற ஆங்கில நீதிபதி ஊன்றிய விதை அது. நியாயமற்ற ஆதாயத்தைத் திருப்பும் சட்டம் என்று இன்று தனித்துறையாக வளர்ந்து நிற்பதற்கு இந்தத் தீர்ப்பின் பக்கங்கள் பெரிய பலம்.

ஃபைப்ரோசாவுக்கு ஆயிரம் பவுண்டு கிடைத்தது.

லீட்ஸ் பட்டறையின் நியாயம்

தீர்ப்பு சரி என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் லீட்ஸ்காரர்கள் இரும்பு வாங்கியிருப்பார்கள், வார்த்திருப்பார்கள், ஆட்களுக்குக் கூலி கொடுத்திருப்பார்கள். போலந்து வாங்குபவருக்காகச் செய்த பாதி இயந்திரம் அவர்கள் பட்டறையில் நின்றது. முன்பணம் என்று ஒன்றைத் தொழில் செய்பவர்கள் கேட்பதே இந்தச் செலவுக்காகத்தானே? தீர்ப்பின்படி அந்தச் செலவுக்கு ஒரு பென்னிகூடக் கழிக்க இடமில்லை. பெற்றவர் என்ன செலவு செய்தார் என்பது கேள்வியே அல்ல, கொடுத்தவருக்கு என்ன கிடைத்தது என்பது மட்டுமே கேள்வி. சைமன் பிரபுவுக்கும் இது உறுத்தியது. முழுவதையும் திருப்பித் தருவது சில நேரம் முன்பணம் பெற்றவருக்கு அநீதியாகலாம், ஆனால் பங்கிட்டுக் கொடுக்கும் அதிகாரம் தீர்ப்புகளால் உருவான பொதுச்சட்டத்தில் எங்களுக்கு இல்லை, அதை நாடாளுமன்றம்தான் செய்ய வேண்டும் என்று வெளிப்படையாகவே எழுதினார்.

இதற்கு நேர் எதிர்ப்பக்கத்திலும் ஒரு குறை இருந்தது. வாங்கியவருக்கு ‘துளிகூட’ கிடைக்காமல் இருந்தால்தான் பணம் திரும்பும். கொஞ்சம் கிடைத்துவிட்டால் போச்சு. 1871ன் வின்கப் எதிர் ஹ்யூஸ் வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். கடிகாரத் தொழில் கற்க மகனை ஆறு ஆண்டுக்குச் சேர்த்துவிட்டு 25 பவுண்டு கட்டினார் ஒரு தகப்பன். ஓராண்டு அளவில் கற்றுக்கொடுத்தவர் இறந்துபோனார். மீதிக் காலத்துக்கான பணம்? ஒன்றும் கிடையாது. பையன் கொஞ்சமாவது கற்றுக்கொண்டான் அல்லவா, மறுபயன் முழுவதும் தவறவில்லை என்றது நீதிமன்றம். ஃபைப்ரோசா தீர்ப்பு இந்த விதியைத் தொடவில்லை. ஏதோ ஒரு சிறு இயந்திரம் செப்டம்பருக்கு முன்பே கிடினியாவில் இறங்கியிருந்தால் ஃபைப்ரோசாவின் கோரிக்கையே ஆட்டம் கண்டிருக்கும்.

நாடாளுமன்றம் இந்த முறை காத்திருக்கவில்லை. 1943ல் நிறைவேற்ற இயலாமற்போன ஒப்பந்தங்களுக்கான சட்டச் சீர்திருத்தச் சட்டம் வந்தது. கொடுத்த பணம் திரும்ப வேண்டும், கொடுக்க வேண்டிய பாக்கி நின்றுவிடும், ‘முழுவதும் தவறியதா’ என்ற கேள்வி தேவையில்லை. ஆனால் பணம் பெற்றவர் ஒப்பந்த வேலைக்காகச் செலவு செய்திருந்தால், நீதிமன்றம் நியாயம் என்று கருதும் அளவை அவர் வைத்துக்கொள்ளலாம். அந்த அளவுக்கு உச்சவரம்பு, சம்பவத்துக்கு முன் கொடுத்த பணமும் கொடுத்திருக்க வேண்டிய பணமும் சேர்ந்த தொகை. அந்த 600 பவுண்டு இங்கே வருகிறது. இதே வழக்கு இந்தச் சட்டத்தின் கீழ் வந்திருந்தால், லீட்ஸ் நிறுவனம் தன் செலவைக் காட்டி 1,600 பவுண்டு வரை கேட்டிருக்கலாம். வந்து சேர்ந்த 1,000 மட்டுமல்ல, வராமல் நின்ற 600ம் கணக்கில் உண்டு. அதே நேரம், முன்பணமே பேசாமல் வேலையில் இறங்கியவருக்கு இந்தப் பிரிவில் ஒரு பாதுகாப்பும் இல்லை. எனக்கு இது சட்டத்தின் பலவீனமாகத்தான் தெரிகிறது.

செலவு செய்தேன் என்று காட்டினால் மட்டும் போதாது என்பதை ஒரு பிற்காலத்து வழக்கு உறுதி செய்தது. 1992 ஜூலையில் மாட்ரிட் விளையாட்டரங்கம் ஒன்றில் கன்ஸ் அண்ட் ரோசஸ் இசைக்குழுவின் நிகழ்ச்சி நடக்க வேண்டியது. கட்டடம் பாதுகாப்பற்றது என்று கண்டு அனுமதி ரத்தானது. ஸ்பெயின் ஏற்பாட்டாளர்களான கேமர்கோ ஏற்கெனவே 4,12,500 டாலர் முன்பணம் கொடுத்திருந்தார்கள். இசைக்குழு தரப்பின் செலவு சுமார் 50,000 டாலர். ஏற்பாட்டாளர்கள் தங்கள் பக்கம் செலவழித்தது சுமார் 4,50,000 டாலர். நீதிபதி கார்லண்ட் எந்தக் கழிவும் இல்லாமல் முன்பணத்தை அப்படியே திருப்பச் சொன்னார். சட்டம் தரும் அதிகாரம் பரந்தது, இரு பக்கத்து நட்டத்தையும் பார்த்துத்தான் நியாயம் எது என்று முடிவு செய்ய வேண்டும் என்பது அவர் காரணம். நல்ல தீர்ப்பு. பெற்றவரின் ரசீதுகளை மட்டும் எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தால், அதிகம் இழந்தவரே மேலும் இழந்திருப்பார்.

வேலையும் விற்பனைப் பொருளா?

ஃபைப்ரோசா தீர்ப்பை எங்கும் அப்படியே பொருத்த முடியாது. 1998ல் ஸ்டோச்னியா கிடான்ஸ்கா எதிர் லாட்வியன் ஷிப்பிங் என்ற வழக்கு பிரபுக்கள் சபைக்கு வந்தது. கிடினியாவுக்கு அடுத்த ஊரான கிடான்ஸ்க்கின் கப்பல் கட்டும் தளம் ஒரு பக்கம், கப்பல்களை ஆர்டர் செய்தவர்கள் மறுபக்கம். தவணை கட்டாததால் தளம் ஒப்பந்தத்தை ரத்து செய்தது, கட்ட வேண்டியிருந்த தவணையையும் கேட்டது. எங்களுக்குக் கப்பலே வரவில்லை, மறுபயன் முழுவதும் தவறிவிட்டது, பிறகு எதற்குத் தவணை என்றார்கள் வாங்குபவர்கள். காஃப் பிரபு ஏற்கவில்லை. வாங்குபவர் கைக்கு ஏதாவது வந்ததா என்பது அளவுகோல் அல்ல, பணம் எந்தக் கடமைக்காகப் பேசப்பட்டதோ அதில் ஏதாவது நிறைவேற்றப்பட்டதா என்பதே அளவுகோல். கப்பலை வடிவமைப்பதும் கட்டுவதும் அந்த ஒப்பந்தத்தில் கடமைகளாகவே எழுதப்பட்டிருந்தன. வெறும் விற்பனை அல்ல. ஆகவே பாதி கட்டிய வேலைக்கும் விலை உண்டு.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கோடு எவ்வளவு மெலியது என்று தெரியும். லீட்ஸ் இயந்திரங்களும் ஆர்டரின் பேரில் செய்தவைதான், அங்கேயும் வியர்வை சிந்தப்பட்டதுதான். ஆனால் அந்த ஒப்பந்தம் செய்து முடித்த இயந்திரங்களை விற்பதாகவே படிக்கப்பட்டது, செய்யும் வேலையை விற்பதாக அல்ல. காகிதத்தில் இருந்த வாசகம்தான் பட்டறையில் நடந்த உழைப்புக்கு மதிப்பு உண்டா இல்லையா என்று முடிவு செய்தது. எனக்கு இதில் முழுத் திருப்தி இல்லை, ஆனாலும் ஆர்டர் எடுக்கும் எவரும் அறிந்திருக்க வேண்டிய உண்மை இது.

இந்தியாவில் இதே கேள்வி

லண்டனில் 1942 வரை சாண்ட்லர் தீர்ப்பு ஆண்டுகொண்டிருந்தபோது, அதே ஆட்சியாளர்கள் இந்தியாவுக்கு இயற்றிய 1872ன் ஒப்பந்தச் சட்டத்தில் சரியான விடை எழுபது ஆண்டாக உட்கார்ந்திருந்தது. அதன் 65ஆம் பிரிவு: ஓர் உடன்பாடு செல்லாதது என்று தெரிய வந்தாலோ, ஓர் ஒப்பந்தம் பிறகு செல்லாததாக ஆனாலோ, அதன் கீழ் ஆதாயம் பெற்றவர் அதைத் திருப்பித் தர வேண்டும் அல்லது ஈடு செய்ய வேண்டும். அந்தப் பிரிவோடு தரப்பட்ட விளக்க உதாரணம் ஒன்றில், கச்சேரியில் பாட 1,000 ரூபாய் முன்பணம் வாங்கிய பாடகர் உடல்நலம் கெட்டுப் பாட முடியாமல் போகிறார். ஏற்பாட்டாளர் இழந்த லாபத்துக்கு அவர் பொறுப்பல்ல. ஆனால் 1,000 ரூபாயைத் திருப்ப வேண்டும். சாண்ட்லர் இந்தியாவில் வழக்கு போட்டிருந்தால், 100 பவுண்டைக் கேட்க இந்தப் பிரிவு ஒன்றே அவருக்குப் போதுமான ஆதாரம்.

நிறைவேற்ற இயலாமற்போவது பற்றிய விதி 56ஆம் பிரிவில் இருக்கிறது. சத்யபிரதா கோஸ் வழக்கில் 1954ல் உச்ச நீதிமன்றம், இந்த விஷயத்தில் நம் சட்டமே முழுமையானது, ஆங்கிலக் கோட்பாடுகளை இறக்குமதி செய்து குழப்ப வேண்டாம் என்றது. ஆனால் 1943ன் ஆங்கிலச் சட்டத்தில் இருப்பதுபோல, பெற்றவர் தன் செலவைக் கழித்துக்கொள்ளலாம் என்று வெளிப்படையாகச் சொல்லும் வரி 65ஆம் பிரிவில் இல்லை. கோயம்புத்தூரில் ஆர்டருக்கு இயந்திரம் செய்பவர் லீட்ஸ் பட்டறையின் நிலைமைக்கு வந்தால் அவர் கையில் இருக்கப்போவது ஒப்பந்தக் காகிதம் மட்டும்தான். முன்பணம் முழுவதும் பொருளுக்கா, அல்லது வரைபடம், மூலப்பொருள், முதல் கட்ட வேலை என்று தனித்தனிக் கடமைக்கா என்பதை அதில் எழுதியிருக்க வேண்டும்.

இரு தரப்பில் ஒருவர் தவறு செய்திருந்தால் கதை மாறும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். வேலை செய்பவரே காரணமின்றிக் கைவிட்டால் முன்பணமும் தர வேண்டும், 73ஆம் பிரிவின்படி இழப்பீடும் தர வேண்டும். வாங்குபவர் பின்வாங்கினால், அந்தப் பணம் விலையின் ஒரு பகுதியா, ஒப்பந்தத்தை உறுதிசெய்யும் பிணைத்தொகையா என்று பார்ப்பார்கள். பிணைத்தொகை என்றால்தான் பறிமுதல் என்ற பேச்சு எழும். அதுவும் 74ஆம் பிரிவு அனுமதிக்கும் நியாயமான அளவுக்குள்.

ஏழாவது நிபந்தனைக்கு வருவோம். இன்று நம் ஊர் ஒப்பந்தங்களிலும் கிட்டத்தட்ட அதே வாசகம் இருக்கிறது: இயற்கைச் சீற்றம், போர், தொற்றுநோய் வந்தால் கால நீட்டிப்பு. லீட்ஸ் ஒப்பந்தத்தின் அந்த வரி காலத்தைப் பற்றிப் பேசியது, பணத்தைப் பற்றி வாய் திறக்கவில்லை. நீட்டித்தும் முடியாவிட்டால் முன்பணத்தில் எவ்வளவு திரும்பும், அதுவரை ஆன செலவை யார் ஏற்பது, பாதி முடிந்த பொருள் யாருடையது என்ற மூன்று கேள்விகளுக்கும் அங்கே விடை இல்லை. அந்த மூன்று விடைகளைத் தேடித்தான் இரண்டு நிறுவனங்கள், போர் உச்சத்தில் இருந்த காலத்தில், பிரபுக்கள் சபை வரை போக வேண்டியிருந்தது.